சிரிப்புக்குப் பின் மிஞ்சுவது: அமெரிக்க வளர்ந்தோர் கார்ட்டூன் தொடர்கள் நான்கின் நகைச்சுவை ஒப்பீடு

ஹோமர் சிம்ப்சனும் பீட்டர் கிரிஃபினும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலத் தோன்றுவர். பருத்த உடல், குறைந்த அறிவு, நிறைந்த குடி, பொறுத்துப் போகும் மனைவி, மூன்று பிள்ளைகள். 1989இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் நகல்தான் 1999இல் அங்கேயே வந்த 'ஃபேமிலி கை' என்போர் இந்த ஒற்றுமையையே சான்றாகக் காட்டுவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அந்தப் பகுப்பிலும் இருவரும் பேதைமை என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுவர். ஆயினும் இவ்விரு தொடர்களும் எழுப்பும் சிரிப்பு ஒன்றல்ல. எதைக் கண்டு சிரிக்கிறோம் என்ற கேள்வி இந்த வேறுபாட்டை எட்டுவதில்லை.

துணிச்சலை அளவுகோலாக்குவதும் உதவாது. 1990இல் பார்ட் சிம்ப்சன் படம் போட்ட சட்டைகளைச் சில அமெரிக்கப் பள்ளிகள் தடைசெய்தன. 'சவுத் பார்க்' (1997) வந்தபின் அதே பார்ட் சாதுப் பிள்ளையாகிவிட்டான். மீறலின் அளவு காலத்தோடு தேய்ந்துபோகும். சிரிப்பு அடங்கிய பிறகு கதையுலகில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதே பயன் தரும். நகைச்சுவைக்கும் விளைவுக்கும் உள்ள உறவே இத்தொடர்களைப் பிரிக்கும் கோடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மறதி என்னும் அமைப்பு

'தி சிம்ப்சன்ஸ்' நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் பார்ட்டுக்கு என்றும் பத்து வயது, தங்கை லிசாவுக்கு எட்டு. ஒரு வாரம் நேர்ந்தது மறுவாரம் நினைவில் இருப்பதில்லை. மறுஒளிபரப்பு உரிமையை விற்றுப் பிழைத்த அமெரிக்கத் தொலைக்காட்சியில், எந்த அத்தியாயத்தையும் எந்த வரிசையிலும் காட்ட முடிய வேண்டும். இந்த மறதிக்கு அந்த வணிகத் தேவையும் ஒரு காரணம். ஆனால் தொடர் அதையே அங்கதக் கருவியாக்கிக்கொண்டது. 1993இல் வந்த மோனோரயில் அத்தியாயத்தில் வாய்ச்சாலக்காரன் ஒருவன் பாட்டுப் பாடியே ஊர்ப் பணத்தைச் சுருட்டுகிறான். ஊர் பாடம் கற்பதில்லை. அடுத்த ஏமாற்றுக்காரனுக்கும் அது தயாராகவே இருக்கிறது. ஆக, மறதி குடிமக்களின் குணம் என்று தொடர் சொல்கிறது.

1997இல் வந்த ஃபிராங்க் கிரைம்ஸ் அத்தியாயம் இந்த விதியையே சோதனைக்கு உட்படுத்துகிறது. உழைத்தும் உயராத கிரைம்ஸ், அணுமின் நிலையத்தில் ஹோமர் செய்யும் தவறுகளுக்குத் தண்டனையே இல்லாததைக் கண்டு கொதிக்கிறான். ஹோமரைப் போலவே நடந்து காட்டுகிறேன் என்று மின்கம்பியைத் தொட்டு இறக்கிறான். விளைவு உண்டு என நம்பியவனுக்கு மட்டுமே விளைவு நேர்கிறது. அவன் சவ அடக்கத்தில் ஹோமர் தூக்கத்தில் உளற, ஊரே சிரிக்கிறது.

இந்த மறதிக்கு ஒரு விலையும் உண்டு. கடைக்காரர் அபுவின் உச்சரிப்பு, தொடர் தொடங்கிய காலத்துச் சிரிப்பாகவே உறைந்து நின்றது. அதற்குள் இந்திய வம்சாவளி அமெரிக்கர்களின் ஒரு தலைமுறை அந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்துவிட்டது. ஹரி கொண்டபோலு 2017இல் எடுத்த ஆவணப்படம் இதைக் கேள்விக்கு உட்படுத்தியது. அபுவுக்குக் குரல் கொடுத்துவந்த ஹாங்க் அசேரியா 2020இல் விலகினார். மாறாத உலகில் ஏளனமும் மாறுவதில்லை.

2. துண்டும் தொடர்ச்சியும்

'ஃபேமிலி கை' தொடரில் மறதி வாரத்துக்கு ஒருமுறை அல்ல, நிமிடத்துக்கு ஒருமுறை நிகழ்கிறது. பாத்திரம் எதையோ நினைவுகூர, கட்அவே எனப்படும் இடைவெட்டுக் காட்சி வருகிறது, கதை மீண்டும் விட்ட இடத்திலிருந்து நடக்கிறது. 2006இல் 'சவுத் பார்க்' இதை நேரடியாகவே தாக்கியது: கருத்துப் பந்துகளைக் கடற்பசுக்கள் பொறுக்கித் தர, 'ஃபேமிலி கை' எழுதப்படுவதாகக் காட்டியது. அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு கதைக்கொள்கை இருந்தது. காட்சிகளை 'அதன்பின்' என்று அடுக்கக் கூடாது, 'ஆகவே' அல்லது 'ஆனால்' என்று கோக்க வேண்டும் என்பது 'சவுத் பார்க்' படைப்பாளர்கள் டிரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொன்ன விதி. ஒரு மடத்தனம் அடுத்ததைப் பிறப்பிக்க, ஊரே வெறிபிடித்து ஆடும் வரை அவர்களுடைய கதை ஏறிக்கொண்டே போகும். ஓர் அத்தியாயத்தை ஏறத்தாழ ஆறு நாளில் முடிக்கும் அவர்களின் வேகம், நடப்புச் செய்தியையே முதல் கண்ணியாக்க இடம் தருகிறது. 2008 அதிபர் தேர்தலுக்கு மறுநாளே அத்தேர்தல் பற்றிய அத்தியாயம் ஒளிபரப்பானது.

ஆனாலும் அந்தத் தாக்குதல் பாதி நியாயமே. காரணகாரியத் தொடர்ச்சி இல்லாதது குறையாகும் என்ற முன்முடிவு அதில் உண்டு. பீட்டர் தடுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகும் காட்சி அளவுக்கு மீறி நீள்கிறது. முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு சலிப்பு, அந்தச் சலிப்பே மறுபடி சிரிப்பாகிறது. இங்கே நகைக்குப் பொருள் கதையல்ல, பார்ப்பவரின் பொறுமை. சிரிக்க இதயம் கணநேரம் மரத்துப்போக வேண்டும் என்று 1900இல் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் எழுதினார். சேத் மெக்ஃபார்லேன் உருவாக்கிய 'ஃபேமிலி கை' அந்த மரப்பைக் கலையவே விடுவதில்லை; விளைவைத் துண்டிப்பதே அதன் முறை.

3. நினைவுள்ள நகை

நெட்ஃபிளிக்ஸில் 2014 முதல் 2020 வரை வந்த 'போஜாக் ஹார்ஸ்மேன்' எதிர்முனையில் நிற்கிறது. முதல் பருவத்தில் அதன் நாயகனான நடிகன் போஜாக் குடிபோதையில் ஹாலிவுட் பெயர்ப்பலகையின் கடைசி எழுத்தைத் திருடுகிறான். வழக்கமான கார்ட்டூனில் அடுத்த வாரமே அது திரும்பியிருக்கும். இங்கே ஊரின் பெயரே 'ஹாலிவூ' ஆகிக் கிட்டத்தட்டத் தொடரின் இறுதிவரை நிலைக்கிறது. சிரிப்புக்கான இந்த விதி பின்னர் துயரத்துக்கும் பொருந்துகிறது: மூன்றாம் பருவத்தில் நேரும், அவனுடன் முன்பு நடித்த சாரா லின்னின் மரணம் கடைசிப் பருவம் வரை அவனைத் துரத்துகிறது. 2018இல் வந்த ஓர் அத்தியாயம் ஏறக்குறைய முழுதும் தாயின் சவப்பெட்டி அருகே அவன் ஆற்றும் உரை. முடிவில், தவறான அறையில் பேசிக்கொண்டிருந்தது தெரிகிறது. அந்த நகைப்பு துக்கத்தைத் துடைப்பதில்லை, கூட்டுகிறது. பருவம் முழுவதையும் ஒருசேர வெளியிட்டு வரிசையாகப் பார்க்கவைக்கும் மேடை இத்தகைய நினைவுக்கு இடமளித்தது.

4. மறுப்பும் முடிவும்

விளைவை அளவுகோலாக்கினால் 'போஜாக்' தானாகவே உயர்ந்துவிடாதா, சோகத்துக்குச் சிறப்பு மதிப்பெண் தருவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. அத்தொடரின் பின்புலச் சுவரொட்டிகளிலும் விலங்குப் பெயர்ச் சிலேடைகளிலும் விளைவற்ற வேடிக்கை நிறைந்திருக்கிறது. அது இல்லாமல் பார்ப்பவர் அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டார். ஒளிபரப்பு முறை அனைத்தையும் தீர்மானிப்பதும் இல்லை: சிம்ப்சன்ஸ் 2000இல் ஹோமரின் அண்டை வீட்டுப் பெண் மோட் ஃபிளாண்டர்ஸைக் கொன்று அவளைத் திரும்பக் கொண்டுவரவில்லை; சவுத் பார்க் 2015இல் ஒரு பருவம் முழுவதையும் தொடர்கதையாக்கியது. எனவே இந்த அளவுகோல் தரவரிசைக்கு உரியதன்று. மறக்கும் நகை ஊரையும் நிறுவனங்களையும் சாடுவதில் வல்லது; நினைவுள்ள நகை தனிமனிதனைக் கணக்குக் கேட்பதில் வல்லது. ஒன்றின் பணியை மற்றொன்றிடம் எதிர்பார்த்துக் குறைகூறுவதுதான் இத்தொடர்களைப் பற்றிய விவாதத்தில் இன்றும் பெரிய பிழை.