கல்லடிப் பாலமும் கலைச்சொல்லாக்கமும்

மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடியை நகரோடு இணைக்கும் இரும்புப் பாலம் 1924இல் அமைந்தது. அக்காலத் தேசாதிபதி வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதனருகே எழுந்த புதிய பாலம் 2013இல் மக்கள் பாவனைக்கு வந்தது. இரண்டையும் 'திறந்துவைத்தனர்' என்றே கூறுகிறோம். பாலத்துக்குக் கதவு இல்லை. எனினும் வழக்கு ஏற்றுக்கொண்டமையால் அச்சொல் பொருந்துகிறது.

ஆலை முதலியன பயன்தரத் தொடங்குவதை ஆங்கிலேயர் 'ஒன் ஸ்ற்றீம்' வருதல் என்பர். ஓடையைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டது இம்மரபுத்தொடர். இதனை ஜேர்மன் மொழியில் பெயர்ப்போர் ஓடையைத் தேடுவதில்லை. 'இன் பெற்றீப் நேமன்', அதாவது இயக்கத்துள் எடுத்துக்கொள்ளல், என்று தம் மொழியின் வழக்கையே கையாளுவர். தமிழிலோ பாலம் திறக்கப்படும், பள்ளி தொடங்கப்படும், பொறி இயக்கிவைக்கப்படும். ஆங்கிலத் தொடர் ஒன்றாயினும், பொருளுக்கேற்ப வினை வேறுபடுதல் தமிழ் மரபு. சொல்லுக்குச் சொல் வைப்பின் 'ஓடையில் வந்த ஆலை' என நகைப்புக்கிடமாகும்.

இத்தகைய இடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்த அவர், விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சென்னையில் 1936இல் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. விஞ்ஞானம் கற்றோரும் தமிழ் கற்றோரும் ஒருங்கு கூடியே சொல்லை ஆக்கவேண்டும் என்பதற்கு அப்பணி சான்றாகும். பொருளறியாதார் ஆக்கும் சொல் பிழைபடும். மொழியறியாதார் ஆக்கும் சொல் நிலைபெறாது.

எனினும் சொல்லை ஆக்குதல் ஒன்று. அதனை வழக்கிற் செலுத்துதல் வேறொன்று. சுவாமிகள் 1947இல் மறைந்தார். பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்பட்டது. 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடமும் சுயமொழிப் போதனையைத் தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் எடுத்தாண்டமையாலேயே 'ஒளித்தொகுப்பு' போன்ற சொற்கள் உயிர்பெற்றன. எடுத்தாளப்படாதவை ஏட்டளவில் நின்றன.

சுவாமிகளின் சமாதி கல்லடியிலே அமைந்துள்ளது. அண்மையிலுள்ள பாலத்தை நாள்தோறும் மக்கள் கடந்து செல்கின்றனர். நடப்பார் இன்றேல் பாலத்தாற் பயனில்லை; கலைச்சொல்லுக்கும் இது பொருந்தும். ஆக்கிய சொற்களை இயக்கிவைக்கும் கடமை, அவற்றாற் கல்வி பெற்ற தலைமுறையினரையே சார்ந்ததாகும்.