மாரி வெள்ளமும் யாழ்ப்பாணத்து நீர்வழிகளும்

யாழ்ப்பாணத்தை ஆறில்லா நாடு என்று சொல்வது வழக்கம். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு எதுவும் அங்கு இல்லை என்பது மெய்யே. ஆனால் ஐப்பசி கடைக்கூற்றில் ஒருநாள் தெல்லிப்பழைப் பக்கமிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலிவரை நடந்து பார்ப்பவர், கலங்கிய வெள்ளம் குளத்தினின்று குளத்திற்கும் வயலினின்று வயலிற்கும் இறங்கிச் சென்று கடலேரியை அடைவதைக் காண்பார். அதுவே வழுக்கியாறு. மாரியில் ஆறாகவும், கோடையில் மாடு மேயும் தரவையாகவும் இருப்பது அது. அதன் கரையிலுள்ள கந்தரோடை, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலந்தொட்டே மக்கள் குடியிருந்த இடமென்பது அகழ்வாராய்ச்சியாற் பெறப்பட்ட உண்மை. மழைநீர் எங்கே தங்கியதோ அங்கே ஊரும் தங்கியது போலும்.

இம் மழைநீரை நம் முன்னோர் எவ்வாறு நடத்தினர், பின்வந்தோர் எவ்வாறு நடத்தினர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குடாநாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்கிறது. நிலத்தின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. அதனூடே இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது அறிவியலாளர் கண்ட கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதோன் கைபென் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் இக்கணக்கு அப்படியே பொருந்தாதெனினும், போக்கு இதுதான். புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பதை நேயர்களிற் பலர் அறிவர். மேலே ஓரடி நீரைக் கடலுக்கு ஓடவிட்டோமாயின், கீழிருந்து எத்தனை அடி உப்பு ஏறிவரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒல்லாந்தரின் கணக்கை நம் பாட்டனார் படித்தவரல்லர். ஆயினும் அவர் வெட்டிய குளங்களைப் பாருங்கள். குடாநாடு முழுவதிலும் ஏறக்குறைய ஆயிரம் குளங்கள், பெரும்பாலானவை சிறியவை, ஆழமும் அதிகமில்லை. வன்னியின் பெருங்குளங்களைப் போல மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்சுவது இவற்றின் முதன்மை நோக்கமன்று. வெள்ளத்தை மறித்து நிறுத்தி, மெல்ல மண்ணுள் இறங்கச் செய்வதே இவற்றின் பணி. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் ஊறும். கோடையில் குளம் வற்றியதும் ஊரார் கூடித் தூர் வாரினர். அவ்வண்டல் வயலுக்கு எருவாயிற்று. அருகே கேணி, மடம், சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் என அமைத்தனர். மாடு உடல் உரோஞ்சுவதற்கும் ஒரு கல் நாட்டிய மக்கள், நீர்வழியைக் குப்பை கொட்டுமிடமாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

குளத்திற்கு வெள்ளம் வந்து சேர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. ஊர் ஒழுங்கைகள் பல இருபுறமும் தாழாமல் நடுவே தாழ்ந்திருந்தன. கோடையிற் பாதை, மாரியில் வாய்க்கால். வளவுகளைச் சுற்றி நின்றவை கதியாலும் பனையோலையும் கொண்ட வேலிகள். காற்றையும் வெள்ளத்தையும் வேலி மறிப்பதில்லை. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டது. நீர் செல்லும் வழி தனியொருவன் விருப்பப்படி அடைக்கத்தக்கதன்று என்ற எண்ணம் அவ்வுறுதிகளில் மறைந்து கிடக்கிறது.

இனி வடமராட்சிப் பக்கம் வருவோம். அங்கே கடலேரியைக் கடலோடு இணைக்கும் தொண்டைமானாறு இருக்கிறது. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் உப்பேற்றிச் செல்லும் மரக்கலங்கள் வந்துபோகும் பொருட்டு அதனை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை வழியாக நமக்குக் கிடைத்த மரபு. மரபை வரலாறாக அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் உப்பு வாணிபத்திற்காகக் கடலை உள்ளே அழைத்த வாயில் அது என்ற நினைவு மக்களிடம் இருந்தது.

அதே வாயிலை மூடும் வேலை 1947இல் தொடங்கி 1953இல் நிறைவேறியது. தொண்டைமானாற்று அணையின் கதவுகள், பெருவெள்ளத்தின்போது மிகைநீரை வெளியேற்றவும், மற்றைய வேளைகளிற் கடல்நீரைத் தடுக்கவும் அமைந்தவை. ஆண்டுதோறும் மழைநீர் தேங்கித் தேங்கிக் கடலேரியின் உப்பு கரைந்து குறையும், கரையோரத்து உவர்நிலம் வயலாகும், கிணறுகள் நன்னீராகும் என்பது நோக்கம். 1954இல் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் இதனை மேலும் விரித்தார். கனகராயன் ஆற்று நீர் வந்து விழும் ஆனையிறவுக் கடலேரியையும் நன்னீராக்கி, அங்கிருந்து முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரிக்குக் கொணர்வது அவர் திட்டம். யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு என்று அதனை அழைத்தனர். 1960களில் அணைக்கட்டு வேலைகள் சில நடந்தன, முழுமை பெறவில்லை. போர்க்காலத்தில் பராமரிப்பும் இல்லாதொழிந்தது. பின்னர் தொண்டைமானாற்று அணை திருத்தப்பட்டது. இறால் பிடித்துப் பிழைப்போருக்கு உவர்நீர் வேண்டும், கமக்காரருக்கு நன்னீர் வேண்டும் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அதிற் கடற்றொழிலாளர் பக்கமும் நியாயம் உண்டென்பது என் கருத்து.

பெருந்திட்டம் பாதியில் நின்றதைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். சிறு வாய்க்கால்கள் மறைந்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நீரிறைக்கும் இயந்திரம் துலாவை அகற்றியபின், ஒருநாள் இறைப்பை ஒரு மணி நேரத்தில் இறைத்தோம். 1970களில் வெங்காயமும் மிளகாயும் பொன்னாய் விளைந்தன. இட்ட உரத்தில் மிஞ்சியது கிணற்றுக்கு இறங்கி நைத்திரேற்றாய் நிற்கிறது. சுண்ணாம்புக்கல் நல்லதையும் வடிக்காது, கெட்டதையும் வடிக்காது. சுன்னாகத்தில் மின்நிலையமொன்றின் எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாழ் நகரிலே ஆரியகுளமும் புல்லுக்குளமும் தேவரிக்குளமும் நாயன்மார்கட்டுக் குளமும் இருக்க, வெள்ளத்தைக் கொங்கிறீற் கானில் இட்டுக் கடலேரிக்கு விரைவாய்த் துரத்துவதே வடிகாலமைப்பு என்று எண்ணத் தலைப்பட்டோம். 2021இல் ஆரியகுளம் புதுக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குளத்தின் கரை அழகுபெறுவது ஒன்று; குளத்திற்கு நீர் வரும் வாய்க்கால் திறந்திருப்பது வேறொன்று.

2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசெம்பரில் புரெவிப் புயலின்போதும் குடாநாட்டில் வெள்ளம் வீடுகளுட் புகுந்தது. புயல் மழை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆயினும் சில இடங்களில் நீர் நாட்கணக்காக நின்றதற்கு மழையை மட்டும் குறைகூற இயலாது.

இதனைச் சொல்லும் எனக்கும் அதிற் பங்குண்டு. நான் அதிபராயிருக்கும் பாடசாலைக்குப் பழைய மாணவரின் உதவியோடு சுற்றுமதில் எழுப்பினோம். ஓலை வேலி நின்ற எல்லையில் வெண்மதில் எழுந்ததைக் கண்டு பெருமை கொண்டவர்களில் நானே முதல்வன். அடுத்த கார்த்திகையில் பின்னொழுங்கையிலிருந்து ஒரு முதியவள் முழங்காலளவு நீரில் நடந்து வந்து, “தம்பி, எங்கட வெள்ளம் உங்கட வளவுக்குள்ளாலதான் குளத்துக்குப் போறது. இப்ப எங்க போகச் சொல்லுறியள்?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. பழைய நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்தபோது, விளையாட்டு மைதானத்தின் ஓரமாக ஒரு மெல்லிய இரட்டைக் கோடு குளம்வரை சென்றது. வாய்க்கால் என்று எழுதியிருந்தது. அப்படம் பல ஆண்டுகளாக என் அலுமாரியிலேயே இருந்திருக்கிறது.

மேசன் வந்து மதிலின் அடியில் மூன்று துவாரம் வெட்டினார். உயர்வகுப்பு மாணவர் இரு சனிக்கிழமை மண் அகழ்ந்து அக்கோட்டைத் திறந்தனர். அகழும்போது முழங்கையாழத்தில் பழைய வாய்க்காலின் கற்கட்டு தென்பட்டது. அவ்வாண்டு மார்கழி மழையில் நீர் அவ்வழியே ஓடிக் குளத்தில் விழுந்த ஓசை ஐந்தாம் வகுப்புவரை கேட்டது.