மின்காந்தப் புலமும் குழந்தைப் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்கம்பிகளைச் சுற்றி எழும் காந்தப்புலம் புற்றுநோயை விளைவிக்குமா என்னும் வினா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. அவ்வினாவின் வரலாற்றையும், கிடைத்த விடையைத் தமிழில் உரைக்கும் முறையையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

1979ஆம் ஆண்டில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் டென்வர் பகுதியைப் பற்றி வெளியிட்ட ஆய்வே இவ்விவாதத்திற்கு வித்திட்டது எனலாம். புற்றுநோயால் இறந்த குழந்தைகள் வாழ்ந்த வீடுகளின் அருகே, மிகுந்த மின்னோட்டம் செல்லத்தக்க கம்பிகள் கூடுதலாக இருந்ததை அவர்கள் சுட்டினர். ஆயினும், அவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் காந்தப்புலத்தை அளக்கவில்லை. கம்பிகளின் தடிமனையும் தொலைவையும் கொண்டு அதனை உய்த்துணர்ந்தனர்.

பின்வந்தோர் கருவிகொண்டு அளந்தனர். 1997இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு, நோயுற்ற 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. 2000இல் ஆல்போம் குழுவினர் ஒன்பது ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டினர். 0.4 மைக்ரோதெஸ்லாவும் அதற்கு மேலும் புலம் நிலவிய வீடுகளில் இரத்தப் புற்றுநோய் இடர் ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றியது. எனினும் அத்தகைய வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. ஆய்வுக்கு இசைந்தோரைத் தெரிவு செய்ததில் நேர்ந்த சாய்வும் அவ்வெண்ணை ஓரளவு உயர்த்தியிருக்கலாம் என அக்குழுவினரே குறித்தனர்.

2002இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவம் இக்காந்தப்புலத்தை 2பி பிரிவில் வைத்தது. மரபுவழி ஆசிய ஊறுகாய்க் காய்கறியும் அப்பிரிவில் உள்ளது. அப்பிரிவு சான்றின் வலிமையைக் குறிக்குமேயன்றி இடரின் அளவைக் குறிக்காது. இச்சான்று காரணத் தொடர்பை நிறுவப் போதாது என உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் கருதியது. அண்மைக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த பகுப்பாய்விலும் இடர் மிகுதி புலப்படவில்லை.

மொழியாசிரியர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. 2பி பிரிவின் பொருள் 'விளைவிக்கக்கூடும்' என்பது. அதற்கு மேலான 2ஏ பிரிவின் பொருள் 'பெரும்பாலும் விளைவிக்கும்' என்பது. இவ்விரண்டையும் 'விளைவிக்கும்' என ஒன்றாக்கின், அறிவியலார் கூறாத அச்சம் மக்களைச் சேர்கின்றது. 'கூடும்' என்பதை முற்றிலும் புறக்கணிப்பின், எஞ்சியுள்ள ஐயமும் மறைக்கப்படுகின்றது. ஒரு துணைவினையை உரிய இடத்தில் காப்பது, இத்தகைய பொருள்களில், வரலாற்றுக்கு நேர்மையாக இருத்தலேயாகும் எனக் கருதுகின்றோம்.