அலகிலாக் கல்வி

திருவள்ளுவனார் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததனோடு அமையாது, கேள்விக்கும் ஓர் அதிகாரம் வேறாக வகுத்தார். ஏட்டைக் கையிற்கொண்டு முறையாகக் கற்றற்கு வாய்ப்பில்லாதாரும், கற்றறிந்தார்பாற் சென்று கேட்டு அறிவு பெறுதற்கு உரியர் என்பது இதனாற் பெறப்படும். இளமையிற் கல்லாதொழிந்தோர், கற்றும் மறந்தோர், தொழிலுங் குடும்பமுந் தாங்கிப் பொழுது குறுகியோர், முதுமையில் ஓய்வு பெற்றோர் ஆகிய இந்நாற்றிறத்தார்க்கும் அக்கேள்வி எவ்வாறு வாய்க்கும்? இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய இருநூறாண்டுகளாகத் தேடப்பட்டுவரும் விடையின் வரலாற்றை இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றாம்.

அந்நாட்டுக் கல்லூரிகளில், ஒரு பாடத்தை ஒரு பருவத்தில் வாரத்திற்கு இத்துணை மணி நேரம் கற்றுத் தேறினார்க்கு இத்துணை அலகு என்று கணக்கெழுதுவர். அவ்வலகுகள் குறித்த தொகை நிரம்பியவழிப் பட்டம் கிடைக்கும். இக்கணக்கிற் சேராத வகுப்புக்களும் அங்கே உள. அவற்றிற் பயின்ற பயிற்சி பட்டத்திற்கு எண்ணப்படாது. புகுதற்குப் பரீட்சை வேண்டப்படாது. கலிபோர்னியா மாகாணத்திற் சம்பளமும் இல்லை. பகலெல்லாம் உழைத்தோர் மாலையில் வந்தமர்ந்து, மொழியோ கணக்கோ தையலோ கற்று மீள்வர். அலகு இல்லாமையின் இதனை அலகிலாக் கல்வி என்று ஈண்டு வழங்குவாம். அலகின்மை என்னுஞ் சொற்கு அளவிறந்தமை என்னும் பொருளும் உண்டு. அப்பெயர் இக்கல்விக்கு இருவாற்றானும் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இதன் தொடக்கத்தை நோக்குமிடத்து முதற்கண் நினைக்கத்தக்கவர் ஜோசையா ஹோல்புரூக் என்பார். அவர் 1826ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் மாகாணத்து மில்பரி என்னும் ஊரில், உழவரையும் கைத்தொழிலாளரையும் ஒருங்கு கூட்டி, லைசியம் என்னும் பெயரால் ஒரு கழகம் நிறுவினார். லைசியம் என்பது பண்டை யவன நாட்டில் அரிஸ்டாட்டில் தம் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிய இடத்தின் பெயர். இக்கழகத்தில் ஊரவரே தாந்தாம் அறிந்தவற்றை எடுத்துரைப்பர். ஏனையோர் கேட்டு வினவுவர். சில ஆண்டுகளில் இத்தகைய கழகங்கள் பல ஊர்களிலுந் தோன்றின. 1829இல் கான்கார்டு நகரில் அமைந்த கழகத்தில் எமர்சன் என்னும் பேரறிஞர் பலகாலும் பேசினார். ஆயினும் நாளடைவில், புகழ்பெற்ற சொற்பொழிவாளர் பொருள் பெற்று ஊர்தோறும் வந்து பேசுதலும், ஊரவர் கேட்டு மகிழ்ந்து கலைதலும் பெருவழக்காயின. ஒருவர்க்கொருவர் கற்பித்தல் என்னும் முதற்கருத்துத் தேய்வதாயிற்று.

அந்நாட்டின் மேலைக் கடற்கரையில் இக்கல்வி வேறொரு தேவைபற்றித் தோன்றிற்று. 1848இல் கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டபின், பல நாட்டு மக்களும் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் வந்து குழுமினர். அவருட் பலர்க்கு ஆங்கிலந் தெரியாது. 1856ஆம் ஆண்டில் அந்நகரக் கல்விச் சபையார் வளர்ந்தோர்க்கென ஒரு பள்ளி நடத்த இசைந்தனர். புனித மேரி தேவாலயத்தின் நிலவறையிலே ஐரிஷ்காரரும் இத்தாலியரும் சீனரும் வந்து ஆங்கிலம் பயின்றனர். ஊதியங் கருதாது அங்குக் கற்பித்தாருள் ஜான் ஸ்வெட் என்பவர் ஒருவர். அவர் பின்னர் அம்மாகாணம் முழுமைக்கும் கல்வித் தலைவராயினார். இந்நகரத்து வகுப்புக்களைப் பின்னரும் ஒருமுறை காண்பாம்.

மூன்றாவது ஊற்று சமயக் கல்வியினின்றும் எழுந்தது. 1874ஆம் ஆண்டில், நியூயார்க் மாகாணத்து ஷட்டாக்குவா ஏரிக்கரையில், ஜான் வின்சென்ட் என்னுங் கிறித்தவ போதகரும், லூயிஸ் மில்லர் என்னும் உழவுக்கருவி செய்வாரும் கூடி, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளில் வேதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு கோடைப் பயிற்சி நடத்தினர். கற்பிப்பார் தாமே முன்னர் நன்கு கற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. வந்தவர் வேதத்தோடு அமைந்திலர். பிற கலைகளையும் அறிய விழைந்தனர். அதனால் 1878இல் நான்காண்டுப் படிப்புத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. ஏரிக்கரைக்கு வர இயலாதாரும் தத்தம் இல்லத்திருந்தே, குறித்த நூல்களைக் குறித்த முறையில் ஓதி வரலாயினர். முதலாண்டிலேயே 8,000க்கு மேற்பட்டார் பெயர் பதிந்தனர். கல்லூரி வாயிலை மிதித்தறியாத பெண்டிர் பலர்க்கு இதுவே கல்லூரியாய் நின்றது.

அவ்வேரிக்கரைக்கு 1883இல் எபிரேய மொழி கற்பிக்க வந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்னும் இளைஞர். பதினெட்டு வயதிலேயே யேல் சர்வகலாசாலையிற் பேராய்வுப் பட்டம் பெற்ற அவர், தம் சமயநூலின் மூலமொழியை எவருங் கற்கலாம் என்னுந் துணிவுடையர். அதனால் அதனை அஞ்சல் வாயிலாகவுங் கற்பித்து வந்தார். 1892இல் சிக்காகோ சர்வகலாசாலை திறக்கப்பட்டபோது அதன் முதற்றலைவர் அவரே. அச்சாலைக்கு வரவியலாதார்க்கென வெளியூர்ச் சொற்பொழிவுகளையும், அஞ்சற் பாடங்களையும் அவர் தொடக்கத்திலேயே அமைத்தார். கல்லூரிப் படிப்பின் முதலீராண்டையும் பின்னீராண்டையும் வேறு பிரித்துக் கண்டவரும் அவரே. அக்கருத்தின்வழி, 1901இல் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில், உயர்பள்ளித் தலைவராகிய ஸ்டான்லி பிரௌன் என்பார் ஆறு மாணாக்கரோடு ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கினார். இந்நாளிற் சமுதாயக் கல்லூரி எனப்படுவதற்கு அதுவே வித்து.

நகரங்களில் நிகழ்ந்தவை இவையாக, மலைநாட்டில் நிகழ்ந்ததொன்று இவ்வெல்லாவற்றினும் உள்ளத்தைக் கவர்வது. கென்டக்கி மாகாணத்து ரோவன் ஜில்லாவிற் பள்ளிகளின் மேற்பார்வையாளராய் இருந்தவர் கோரா வில்சன் ஸ்டூவர்ட் அம்மையார். எழுத்தறியாத முதிய தாயொருத்தி, சிக்காகோ நகரிலுள்ள தன் மகள் எழுதிய கடிதங்களைப் படிக்கக் கேட்டற்கு அவரிடம் வருவாள். சிலகாலம் வாராதிருந்து, ஒருநாள் கடிதத்தோடு வந்து, இதனை யானே படித்தேன் என்று மகிழ்ந்து கூறினாள். மகளுக்கும் தனக்கும் இடையே பிறரொருவர் நிற்றல் வேண்டாமென்று, தானே முயன்று எழுத்துக் கற்றிருந்தாள். இதனைக் கண்டு உருகிய அம்மையார், பகலிற் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை இரவில் வளர்ந்தோர்க்குத் திறக்கத் துணிந்தார். மலைவழி இருளில் நடத்தற்கு அரிதாகலின் நிலவொளியுள்ள இரவுகளைத் தேர்ந்தார். 1911ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ஆம் நாள், முதலிரவில் 150 பேர் வருவர் என்று எண்ணியிருந்தாராக, 1,200க்கு மேற்பட்டார் வந்தனர். 18 வயதினர் முதல் 86 வயதினர்காறும் அவருள் இருந்தனர். ஆசிரியர் ஊதியம் பெற்றிலர். குழந்தைகட்குரிய முதற்புத்தகத்தை முதியோர் கையிற் கொடுத்தல் அவரை நாணுவிக்கும் என்று கருதி, ஊர்ச் செய்திகளை எளிய சொற்களாற் கூறுஞ் சிறு பத்திரிகை யொன்றை அம்மையார் பாடமாக அச்சிட்டார்.

இவ்வாறு பல இடங்களில் தனித்தனி ஊறிய நீர், இருபதாம் நூற்றாண்டின் நடுவிற் கல்லூரி என்னும் ஒரு குளத்தில் வந்து கூடிற்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், நாட்டுத் தலைவர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழுவினர், ஜார்ஜ் ஸூக் என்பார் தலைமையில் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டனர். சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் பரவியது அதன்பின்னரே. அக்கல்லூரி பட்டத்திற்கு முற்படியாய் நிற்பதனோடு அமையாது, ஊரார் அனைவர்க்கும் பயன்படல் வேண்டும் என்றும், வளர்ந்தோர் கல்விக்கு நிலைக்களனாதல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினர்.

ஸான் பிரான்சிஸ்கோவில் இவ்விணைப்பு நிகழ்ந்தவாறு காண்க. அந்நகரக் கல்லூரி 1935இல் தோன்றியது. 1970இல் அது நகரப் பள்ளிக் கழகத்தினின்றும் பிரிந்து தனிக் கழகமாயபோது, வளர்ந்தோர் வகுப்புக்களும் அப்புதிய கழகத்தைச் சார்ந்தன. 1990இல் இரு பிரிவும் ஒரே கல்லூரியாயின. கலிபோர்னியாச் சட்டம் இத்தகைய வகுப்புக்கட்குரிய துறைகளை வகுத்துரைத்துள்ளது: எழுத்தும் கணக்குமாகிய அடிப்படைப் பயிற்சி, வந்தேறியோர்க்கு ஆங்கிலம், குடியுரிமைப் பாடம், குழந்தை வளர்ப்பு, உடற்குறையுடையார் கல்வி, குறுகியகாலத் தொழிற்பயிற்சி, முதியோர் வகுப்பு, மனையியல், நலவாழ்வு என்பன அவை.

பொது அமைப்பினுட் புகுந்தது பொதுப்பணத்தையும் சார்ந்து நிற்கும். 1978ஆம் ஆண்டில் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, நிலவரியை மதிப்பில் நூற்றுக்கொன்றாக வரையறுத்தனர். கல்லூரிகளின் வருவாய் அதனாற் சுருங்கிற்று. 1982இல் மாகாண அரசினர், பொழுதுபோக்கிற்கும் தனிவிருப்பிற்கும் உரியவை என்று கருதிய வகுப்புக்களைப் பட்டியலிட்டு, அவற்றிற்குரிய பணத்தை நிறுத்தினர். அத்தகையவற்றைக் கற்க விரும்புவோர் தங்கைப்பொருள் கொடுத்தே கற்கும் நிலைமை உண்டாயிற்று. 1984இல் அலகுள்ள வகுப்புக்கட்கும் முதன்முறையாகச் சம்பளம் விதிக்கப்பட்டது. அலகிலா வகுப்புக்கள் எஞ்சியவை சம்பளமின்றியே நின்றன.

பின்னர் 2006இல், தொழிற்கும் மேற்படிப்பிற்கும் வழிகாட்டும் அலகிலா வகுப்புக்கட்கு மட்டும் மிகுந்த பணம் அளிக்கச் சட்டஞ் செய்தனர். 2015ஆம் ஆண்டு தொடங்கி அவை அலகுள்ள வகுப்புக்கட்கு நிகரான தொகை பெற்றன. முதியோர் வகுப்பு முதலியன பழைய குறைந்த அளவிலேயே நின்றன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஸான் பிரான்சிஸ்கோக் கல்லூரி, பணமுட்டுப்பாட்டால் அடுத்த பருவத்து வகுப்புக்களுள் நூற்றுக்கணக்கானவற்றை நீக்கியது. முதியோர்க்குரியன பலவும் அவற்றுள் அடங்கின.

ஈண்டு ஒரு கடா நிகழும். பொதுப்பணம் அளவுட்பட்டது, உணவிற்கு வழிதேடும் வந்தேறிக்கு மொழி கற்பித்தலும், ஓய்வுபெற்ற முதியோர்க்குச் சித்திரம் பயிற்றலும் ஒருதன்மையவாமோ? பயனுடையதற்கே பணம் என்றல் நீதியன்றோ எனின், கூறுதும்.

பணம் குறைந்தவிடத்து முந்துவது இது, பிந்துவது இது என்று வரிசைசெய்தல் நீதியே. அதனை யாம் மறுக்கின்றிலேம். பசித்தார்க்கு முன்னர் இடுதல் அறமாதல் போல, எழுத்தறியாதார்க்கு முன்னர்க் கற்பித்தலும் அறமாம். ஆயின் பிற்படுத்தல் வேறு. பயனில்லது என்று விலக்குதல் வேறு. மலைநாட்டுத் தாய் எத்தொழிலை விரும்பி எழுத்துக் கற்றாள்? தன் மகளின் சொல்லைத் தன் கண்ணாற் காணவே கற்றாள். தொழிற்பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வார்க்கு அவளுடைய கல்வி பயனிலதாய்த் தோன்றும். ஏரிக்கரையிற் கோடைக்காலத்து எபிரேயம் கற்றாரும் பெரும்பாலும் அவ்வாறே தோன்றுவர். அங்கு அவர்க்குக் கற்பித்தவரே, வருதற்கியலாதார்க்கும் சர்வகலாசாலையின் கதவைத் திறந்தவர் என்பதனையும் மறத்தற்கில்லை.

இன்னும் ஒன்று. அலகுள்ள வகுப்பின் மாணாக்கன் ஆசிரியர் உரை சுவையாதாயினும் பட்டத்தின்பொருட்டு அமர்ந்திருப்பன். அலகிலா வகுப்பின் மாணாக்கன் எந்நாளும் எழுந்து போகலாம். போயினும் அவனுக்கு இழப்பில்லை. ஆதலின் அவ்வாசிரியர் ஒவ்வொரு மாலையும் கொள்ளத்தக்கதொன்றைக் கொடுத்தே தீர்தல் வேண்டும். கலிபோர்னியாவில், அலகுள்ள வகுப்பிற்குப் பெரும்பாலும் பருவத்தில் ஒரு குறித்த நாளில் எண்ணிய தலைக்கணக்கின்படி பணம் அளப்பர். அலகிலா வகுப்பிற்கோ, மாணாக்கர் உண்மையாக வந்திருந்த மணிகளைக் கூட்டி, 525 மணியை ஒரு முழு மாணாக்கனாகக் கொண்டு அளத்தல் நெடுங்கால வழக்கு. கற்பார்க்கு அலகு இல்லையாயினும், கற்பிக்குஞ் சாலைக்கு அலகு உண்டென்பது இதனாற் புலப்படும். வாரா தொழிந்த ஒவ்வொரு மாலையும் அச்சாலையின் வருவாயைக் குறைக்கும்.

ஆகவே, அலகிலாக் கல்வி என்னும் பெயர் அதற்கு முன்னைப் பொருளில் முற்றும் பொருந்திற்றிலது. அளவிறந்தது என்னும் பின்னைப் பொருளில் அது பொருந்துதலும் பொருந்தாமையும், அதனைப் பேணுவார் கையில் உள்ளன. வந்திருந்த மணிகளை எண்ணுதல் சாலைக்கு இன்றியமையாதது. அம்மணிகளிற் கொண்டது இன்னதென்று அறிவார், கொண்டவரே. தொழிற்குதவும் வகுப்பை வளர்ப்பார் வளர்க்க. அதன்பொருட்டு முதியோர் அமர்ந்த பலகையை எடுத்தல் வேண்டா. கேட்டறியும் வேட்கை வயது வரம்பறியாது என்பதற்கு, 1911ஆம் ஆண்டின் நிலவிரவிலே மலைவழி நடந்துவந்த அவ்வெண்பத்தாறு வயதினரே சான்றாவர்.