டங்டுட்: இகழ்ச்சிப் பெயர் இசைப் பெயரான வரலாறு

ஓர் இசைக்கு அதனை விரும்புவோர் பெயரிடுவதுண்டு; வெறுப்போர் பெயரிடுவதும் உண்டு. நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் 'டங்டுட்' இசை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஏளனமாக இடப்பட்ட பெயரை அவ்விசைவாணர்கள் தள்ளிவிடவில்லை, தலைமேல் ஏற்றுக்கொண்டனர். இவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம் என்பது என் துணிபு. இந்தியத் தாளக் கருவி ஒன்றுக்கு அதில் பங்குண்டு என்பது மட்டும் காரணமன்று. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் அதில் அடங்கியுள்ளது.

நான் இவ்விசையைத் தேடிச் சென்றவனல்லன். எங்கள் பள்ளிக்குப் பின்புறம் தோட்டத்து லயன் வீடுகள் உள்ளன. ஒரு காலத்தில் அங்கே நம்மவர் குடியிருந்தனர். இப்போது செம்பனை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளர் வாழ்கின்றனர். மாலை வேளையில் அவ்வீடுகளிலிருந்து பாட்டொலி எழும். தேர்வு வகுப்பு நடந்த ஒரு நாள், நானே நேரில் சென்று, "இந்த இரைச்சலைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டேன். திண்ணையில் இருந்த முதியவர் எழுந்து நின்று பாட்டை நிறுத்தினார். பின்பு தயக்கத்தோடு, "இது உங்கள் ஆட்களின் மத்தளந்தானே, பா குரு?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அன்றுதான் நான் மாணவனானேன்.

வேர்கள்

சுமத்ராத் தீவின் வடகிழக்கே உள்ள டெலி வட்டாரம் மலாய் இசைக்குப் பெயர் பெற்றது. வயலின், அக்கார்டியன், புல்லாங்குழல், அரபு வழி வந்த கம்பூஸ் என்னும் நரம்புக் கருவி ஆகியவை அவ்விசைக்குத் துணை நின்றன. இந்தோனேசியா 1945-இல் விடுதலையை முழங்கி, 1949-இல் டச்சுக்காரரின் ஒப்புதலையும் பெற்றது. அதன் பின் தலைநகர் ஜகார்த்தாவில் 'ஓர்க்கெஸ் மெலாயு', அதாவது மலாய் இசைக்குழு, என்னும் பெயரில் பல குழுக்கள் தழைத்தன.

அவ்வேளையில் இந்தித் திரைப்படங்கள் அந்நாட்டுக் கொட்டகைகளை நிறைத்தன. அவற்றின் பாட்டு மெட்டுகளையும், அவற்றில் ஒலித்த தபேலாவையும் இக்குழுவினர் தமதாக்கிக்கொண்டனர். உசேன் பவாஃபி என்னும் இசையமைப்பாளர் நடத்திய குழுவின் பெயர் 'சந்திரலேலா'. எல்யா காதம் என்னும் பாடகிக்குப் புகழ் தேடித் தந்த பாட்டின் பெயர், 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை' எனப் பொருள்படும். சைட் எஃபெண்டி பாடிய 'செரோஜா' மலாக்கா நீரிணையைக் கடந்து நம் நாட்டிலும் பரவியது. செரோஜா என்பது தாமரை. வடமொழிச் சொல்லாகிய சரோஜாவே மலாய் மொழியில் அவ்வாறு வழங்குகிறது என்று கூறத் தேவையில்லை.

இசைப் போக்குவரவு ஒரு வழிப் பாதையாக இருந்ததில்லை. பினாங்கில் பிறந்த பி. ராம்லி சிங்கப்பூரில் நடித்த படங்கள் இந்தோனேசியாவிலும் ஓடின. அவர் முதன்முதலாகக் கதாநாயகனாகத் தோன்றிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர் என்பதை நம் வாசகர் பலர் அறிவர்.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டங்டுட்டில் கலந்தது வடநாட்டுத் தபேலா. நம் மிருதங்கமுமன்று, தவிலுமன்று. அது வந்த வழியும் இந்தித் திரைப்படமே. ஆகவே 'தமிழன் தந்த இசை' என்று மார்தட்டிக்கொள்ள நமக்கு இடமில்லை. உண்மையை உள்ளவாறு சொல்வதே வரலாற்றாசிரியனுக்கும் வகுப்பாசிரியனுக்கும் அழகு.

பெயர் பிறந்த விதம்

இசையை ஒலியால் இகழும் வழக்கம் அந்நாட்டில் முன்னரே இருந்தது. 1959-ஆம் ஆண்டு விடுதலை நாள் உரையில் அதிபர் சுகர்ணோ மேனாட்டுத் துள்ளிசையை 'ஙாக்-ஙிக்-ஙோக்' என்று கேலி செய்தார். கேலி பின்னர்த் தண்டனையாகவும் மாறியது. கூஸ் சகோதரர்கள் என்னும் இசைக்குழுவினர், பீட்டில்ஸ் குழுவின் பாட்டைப் பாடியதன் விளைவாக 1965-இல் ஏறத்தாழ மூன்று திங்கள் ஜகார்த்தாவின் குளோடோக் சிறையில் அடைபட்டிருந்தனர்.

அரசு மாறியது, சுகார்த்தோ ஆட்சி வந்தது, மேனாட்டு இசைக்குக் கதவு திறந்தது. நேற்று இகழப்பட்டவர் இன்று இகழ்பவர் ஆயினர். 1970-களின் தொடக்கத்தில் மின்கிட்டார் இசையில் திளைத்த நகரத்து இளைஞரும் அவர்தம் இதழ்களும் ஓர்க்கெஸ் மெலாயுவை நோக்கி நகைத்தனர். அந்த நகைப்பில் பிறந்த சொல்லே டங்டுட்.

கெண்டாங் என்னும் இரட்டைக் கொட்டில் எழும் இரண்டு அடிகளை அச்சொல் குறிக்கிறது. 'டங்' என்பது திறந்த அடி. 'டுட்' என்பது உள்ளங்கையின் அடிப்பகுதி தோலின்மேல் அழுந்தி நகரும்போது எழும் வளைந்த ஒலி. நம் இரட்டைக்கிளவியைப் போல ஒரே சொல் இரட்டித்து வந்ததன்று இது. இரு வேறு ஒலிகள் இணைந்த ஒலிக்குறிப்புச் சொல். அதனுடன் சேர்ந்து வந்த மற்றொரு வசைமொழி 'கம்போங்கான்' என்பது. பட்டிக்காட்டுத்தனம் என்று பொருள். பாட்டின் மீது மட்டும் எறியப்பட்ட கல் அன்று அது. அதைக் கேட்ட ரிக்சாக்காரர், சந்தை வியாபாரி, வீட்டு வேலைக்காரி, ஆலைத் தொழிலாளி ஆகிய அனைவர்மீதும் அது விழுந்தது.

ஏற்றுக்கொண்ட பெயர்

அவ்வசையை வாழ்த்தாக மாற்றியவருள் தலையாயவர் ரோமா இராமா. இவர் 1946-இல் மேற்கு ஜாவாவின் தாசிக்மலாயாவில் பிறந்தவர். பெயரில் உள்ள இராமா என்பது மலாய் மொழியில் தாளகதியைக் குறிக்கும் சொல். காப்பிய நாயகன் இராமனை நினைந்து மயங்கலாகாது. இளமையில் மேனாட்டுப் பாட்டுகளைப் பாடிவந்த இவர், 1970-இல் 'சொனேத்தா' என்னும் குழுவைத் தொடங்கினார். டீப் பர்ப்பிள் முதலிய ஆங்கிலக் குழுக்களின் மின்கிட்டார் முழக்கத்தைக் கெண்டாங் தாளத்தோடு இணைத்தார். எந்த ஆயுதத்தைக் காட்டி எதிரிகள் நகைத்தனரோ, அந்த ஆயுதத்தையே கையில் எடுத்தார் எனலாம். 1978-இல் அவர் நடித்த படமொன்றின் பெயர் 'ராஜா டங்டுட்', அதாவது டங்டுட் அரசன். இகழ்ச்சிச் சொல் முடிசூடிக்கொண்ட காட்சி அது. அவரோடு இணைந்து பாடிப் புகழ்பெற்ற எல்வி சுகாயெசை மக்கள் டங்டுட் அரசி என்றனர்.

ரோமாவின் பாட்டுகளில் காதல் உண்டு, அறிவுரையும் உண்டு. சூதைக் கண்டித்தும், மதுவையும் போதைப்பொருளையும் கண்டித்தும், மனித உரிமையை வற்புறுத்தியும் அவர் பாடினார். கள்ளுக்கடையால் குடும்பங்கள் குலைந்ததைக் கண்ட தோட்டத்து மக்களாகிய நமக்கு, உழைப்பாளர் நடுவே அத்தகைய பாட்டுக்கு உள்ள மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் எதிர்க்கட்சியாகிய இசுலாமியக் கட்சியை ஆதரித்தார். அதன் பின் பல ஆண்டுகள் அரசுத் தொலைக்காட்சி அவருக்குக் கதவடைத்தது. ஆயினும் ஒலிநாடாவுக்குக் கதவேது? மலிவான நாடாக்கள் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் விற்றன. அவர் குரல் சிற்றூர்தோறும் சென்றது. 1990-களில் அமைச்சர்களே டங்டுட் மேடைகளில் தோன்றி, 'இது நம் நாட்டு இசை' என்று உரிமை கொண்டாடும் நிலை வந்தது.

வரலாறு அங்கே இனிதாக முடியவில்லை. 2003-இல் கிழக்கு ஜாவாவின் சிற்றூர் மேடைகளிலிருந்து வந்த இனுல் தாரதிஸ்தா என்னும் பாடகியின் ஆட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாட்டம் இசையையே இழிவுபடுத்துவதாகக் கூறிக் கடுமையாகக் கண்டித்தவர் வேறு யாருமல்லர், ரோமா இராமாவே. அவருடைய ஒழுக்கக் கவலையை நான் பொய்யென்று கூறேன். ஆயினும், பட்டிக்காட்டுத்தனம் என்ற கல்லடியைத் தாங்கி உயர்ந்தவர், தமக்குப் பின் பட்டிக்காட்டிலிருந்து வந்த பெண்ணை நோக்கிக் கல்லெடுத்தார் என்று மக்களில் ஒரு சாரார் வருந்தினர்.

நமக்குரிய கேள்வி

இவ்விடத்தில் நான் என் கதையைச் சொல்லாவிடில் நேர்மையாகாது. என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; மாரியம்மன் திருவிழாவிலும் சாவு வீடுகளிலும் தப்பு அடித்தவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சக மாணவர்கள் தத்தம் குடும்பத்து இசைப் பயிற்சியைப் பற்றிப் பேசியபோது, நான் அதைச் சொல்லக் கூசினேன். தப்பு என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே அன்று பலர். இன்றும் சிலர் உளர். அத்தகைய தந்தைக்குப் பிறந்த நான், தலைமையாசிரியர் என்ற நிலைக்கு வந்தபின், லயன் வீட்டுத் திண்ணையில் நின்று ஓர் உழைப்பாளியின் இசையை இரைச்சல் என்றேன். ரோமாவைக் குறை கூற எனக்கு என்ன தகுதி?

மறு வாரம் மீண்டும் அம்முதியவரிடம் சென்றேன். மத்தளம் வடநாட்டிலிருந்து படம் வழியாக வந்தது என்றும், அதை அடித்துப் புது இசையாக வளர்த்தவர்கள் அவர் நாட்டார் என்றும் கூறினேன். அவர் எல்வியின் பாட்டொன்றைப் போட்டுக் காட்டினார். என் தந்தையார் அடித்த தப்பைப் பற்றி நான் சொல்ல, அவர் அதன் ஓசை எப்படியிருக்கும் என்று கேட்டார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். தந்தையார் இறந்த பின் அத்தாளத்தை நான் தட்டியது அதுவே முதன்முறை.

ஒலிக்குறிப்புச் சற்களைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் டங்டுட் என்னும் சொல்லையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அப்போது அது யார் வாயில், யாரை நோக்கிப் பிறந்தது என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள். அதன்பின், 'உங்கள் வீட்டில் யாரேனும் கொட்டடிப்பதுண்டா?' என்று கேளுங்கள். கூசாமல் கைதூக்கும் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அன்றைய பாடம் நன்கு நடந்தது எனக் கொள்ளலாம்.