ஆக்குலஸை ஃபேஸ்புக் வாங்கிய வரலாறும் மக்களின் அவநம்பிக்கையும்

ஆக்குலஸ் விஆர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2012இல் தொடங்கப்பட்ட மெய்நிகர் கருவி நிறுவனம். கண்களை மறைக்கும்படி தலையில் மாட்டிக்கொள்ளும் ‘ரிஃப்ட்’ ஹெட்செட்டால் பெயர் பெற்றது. 2014 மார்ச் 25 அன்று, இதை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அந்தக் கருவிக்காகப் பணம் கொடுத்திருந்தவர்களும், அதற்கென்று விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர்களும் அன்றே கொதித்தெழுந்தார்கள். கோபம் சில மாதங்களில் தணிந்தது. அவநம்பிக்கை தணியவில்லை. அது பொய்யான அச்சம் அல்ல என்பதை அடுத்த எட்டு ஆண்டுகள் காட்டின. ஒரு பெருநிறுவனம் சிறு நிறுவனத்தை வாங்கும்போது பொதுமக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை அறிய இந்த ஒரு வரலாறே போதும்.

தொடக்கம்

தலையில் மாட்டும் திரை புதிய எண்ணம் அல்ல. 1968இலேயே ஐவன் சதர்லேண்ட் அத்தகைய கருவி ஒன்றைச் செய்து காட்டினார். 1995இல் நின்டென்டோ கொண்டுவந்த ‘விர்ச்சுவல் பாய்’ சந்தையில் தோற்றது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. பழைய ஹெட்செட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, பிரித்து, பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் பால்மர் லக்கி என்ற இளைஞர். 1992இல் பிறந்தவர், வீட்டிலேயே படித்தவர். கைப்பேசிகளால் மலிந்துபோன சிறு திரைகளும், அகன்ற காட்சியைத் தரும் எளிய லென்சுகளும் சேர்ந்தால், முன்பு பல ஆயிரம் டாலர் விலை சொன்ன கருவியைச் சில நூறு டாலரில் செய்துவிடலாம் என்று அவர் கண்டுகொண்டார்.

‘டூம்’, ‘குவேக்’ விளையாட்டுகளால் புகழ்பெற்ற நிரலாளர் ஜான் கார்மாக், லக்கியிடம் ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கினார். 2012 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த ஈ3 வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் அதைச் செய்தியாளர்களின் தலையில் மாட்டிவிட்டார். டேப் ஒட்டி நிறுத்திய கறுப்புப் பெட்டி அது. மாட்டியவர் தலையைத் திருப்பினால் அரக்கர்கள் உலவும் ‘டூம் 3’ உலகமும் கூடவே திரும்பியது. பளபளப்பான அரங்குகள் நிறைந்த அந்தக் கண்காட்சியில் பலரும் பேசியது இந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று, கூட்டாக நிதி திரட்டும் ‘கிக்ஸ்டார்ட்டர்’ வழியே, லக்கி தொடங்கிய ஆக்குலஸ் மக்களிடம் வந்தது. கேட்டது 2,50,000 டாலர். ஒரு மாதத்தில் 9,522 பேர் 24,37,429 டாலர் கொடுத்தார்கள். சுமார் 300 டாலர் கொடுத்தவருக்கு, நிரலாளர்களுக்கான முதல் மாதிரிக் கருவி கிடைக்கும். 2013 மார்ச்சில் அவை அனுப்பப்படத் தொடங்கின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர்கள் பங்குதாரர்கள் அல்ல. நிறுவனத்தின் வளர்ச்சியில் அவர்களுக்குச் சல்லிக்காசு உரிமையும் இல்லை. பொதுமக்களுக்கு இப்படிக் கூட்டுநிதி வழியே பங்கு விற்க அமெரிக்கச் சட்டம் 2016 மே மாதம்தான் வழிவிட்டது. 2012இல் ஆக்குலஸே விரும்பியிருந்தாலும் அவர்களைப் பங்குதாரர் ஆக்கியிருக்க முடியாது. ஆனால் கொடுத்தவர்களின் மனக்கணக்கு வேறு. பெருநிறுவனங்கள் கைவிட்ட ஒரு கனவை நாம் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறோம் என்றே அவர்கள் நினைத்தார்கள். சட்டத்தின் கணக்குக்கும் மனக்கணக்குக்கும் நடுவிலிருந்த இந்த இடைவெளியில்தான் பின்னால் வந்த கோபம் பிறந்தது.

2013 டிசம்பரில் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 7.5 கோடி டாலர் முதலீடு வந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் ஆக்குலஸின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவிலும் அப்போது அவர் இருந்தார்.

2014 மார்ச் 25

ரொக்கமாக 40 கோடி டாலர், மீதம் 2.31 கோடி ஃபேஸ்புக் பங்குகள் என்பது அறிவிக்கப்பட்ட விலை. இலக்குகளை எட்டினால் மேலும் 30 கோடி டாலர் உண்டு. கைப்பேசிக்கு அடுத்த தளம் மெய்நிகர்தான், விளையாட்டோடு நில்லாமல் வகுப்பறை, மருத்துவ ஆலோசனை, மைதானத்தின் முன்வரிசை இருக்கை எல்லாம் அதற்குள் வரும் என்று ஃபேஸ்புக்கின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் விளக்கினார். வாட்ஸ்அப்பை வாங்க ஒப்பந்தம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

எதிர்ப்புக் குரல்களில் அதிகம் கேட்கப்பட்டது, ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டு மார்க்குஸ் பெர்சனுடையது. கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கொடுத்தவர் அவர். தம் விளையாட்டை ரிஃப்ட்டுக்குக் கொண்டுவர ஆக்குலஸோடு பேசிவந்தார். செய்தி வந்ததும் பேச்சை முறித்துக்கொண்டார். ஃபேஸ்புக் தமக்கு அச்சமூட்டுகிறது என்றார். அந்த நிறுவனத்தின் கண் பயனர்களின் எண்ணிக்கை மேல்தான் இருக்கிறது, அதன் தளத்தை நம்பி முன்பு விளையாட்டுகள் செய்தவர்கள், தளம் மாறியபோது நடுவழியில் விடப்பட்டார்கள் என்றும், ஃபேஸ்புக் வாங்குவதற்காக மதிப்பு ஏற்றிக் கொடுக்கத் தாம் பணம் போடவில்லை என்றும் எழுதினார். அவருடைய மோஜாங் நிறுவனத்தையும் 250 கோடி டாலருக்கு வாங்குவதாக அந்தச் செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதனால் அவர் மார்ச்சில் எழுப்பிய கேள்வி செல்லாததாகிவிடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் பலர். எல்லை மீறியவர்களும் இருந்தார்கள். கொலை மிரட்டல்கள் வந்ததாகவும், ஊழியர்களின் குடும்பத்தாரைக்கூடத் தொலைபேசியில் தொல்லைப்படுத்தியதாகவும் லக்கி சொன்னார். எந்த நியாயமான கோபத்துக்கும் இது உரியது அல்ல. இந்த மிரட்டல்களால் உண்மையான கேள்விகள் பின்னுக்குப் போனதுதான் மிச்சம்.

கொடுத்த வாக்கு

அஞ்சியவர்களைத் தேற்ற லக்கி நேரடியாக முன்வந்தார். ரிஃப்ட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் ஃபேஸ்புக் கணக்கில் நுழைய வேண்டியிருக்காது என்று வாக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 21. அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. ஃபேஸ்புக்கின் ஒப்புதலோடுதான் அப்படிச் சொன்னதாக அவரே பின்னால் விளக்கினார். குறை அவர் மனத்தில் இல்லை, கையில் இருந்தது. நிறுவனத்தை விற்றபின், அந்த வாக்கைக் காக்கும் அதிகாரம் வாக்குக் கொடுத்தவரிடம் இல்லை. அன்று அவரை நம்ப மறுத்தவர்கள் கேட்டது இதைத்தான்.

2016 மார்ச்சில் ரிஃப்ட் 599 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 350 டாலரை ஒட்டியே இருக்கும் என்ற எண்ணத்தைத் தந்ததற்காக லக்கி மன்னிப்புக் கேட்டார். மாதிரிக் கருவிக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்திருந்தவர்களுக்குப் புதிய ரிஃப்ட்டை ஆக்குலஸ் இலவசமாக அனுப்பியது. அது நல்ல செயல், பலரும் மனமார ஏற்றார்கள். ஆனால் ஆக்குலஸை உருவாக்கியவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். லக்கி 2017 மார்ச்சிலும், தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பிரெண்டன் இரீப் 2018இலும், நேட் மிட்செல் 2019இலும் சென்றார்கள். வாக்கை நினைவில் வைத்திருக்கக் கடமைப்பட்டவர் யாரும் உள்ளே மிஞ்சவில்லை.

இதற்கிடையே 2018 மார்ச்சில், கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. 8.7 கோடிப் பேர் வரையிலான பயனர்களின் தகவல் முறையின்றிக் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. 2019இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஹெட்செட் விஷயத்தில் இந்தத் தகவல் கவலை ஏன் கூடுதல் கனம் பெறுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆக்குலஸ் 2020இல் கொண்டுவந்த ‘குவெஸ்ட் 2’ ஹெட்செட்டின் வெளிமுகத்தில் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. அணிபவரின் அறை, சுவர், மேசை எல்லாம் அவற்றின் பார்வையில் படுகின்றன. தலை எந்த உயரத்தில் நிற்கிறது, கை எவ்வளவு தூரம் நீள்கிறது, எதைக் கண்டு சட்டென்று திரும்புகிறார் என்பதைக் கருவி நொடிக்குப் பலமுறை அளக்கிறது. அளக்காவிட்டால் மெய்நிகர் காட்சியே நிகழாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 511 பேரில் இவர் யார் என்பதை, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவைக் கொண்டே 95 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், தலையும் கையும் அசைவதே அடையாளம்.

வாக்கு மாறியது

2020 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் முதல் புதிதாகச் சேர்பவர்கள் ஃபேஸ்புக் கணக்கோடுதான் நுழைய வேண்டும். பழைய பயனர்களுக்கு 2023 ஜனவரி 1 வரை அவகாசம். அக்டோபர் 13 அன்று 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 2 இந்த நிபந்தனையோடு பிறந்தது. புதிதாகத் தொடங்கிய ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டதால், காசு கொடுத்து வாங்கிய கருவியைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. ஃபேஸ்புக் கணக்கை அழித்தால் வாங்கிய விளையாட்டுகளும் போய்விடும் என்பது அப்போது விதியாக இருந்தது. தம்மைவிட உலக அனுபவம் மிக்கவர்கள் 2014இல் தம்மை நம்பாதது சரியே என்று லக்கி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

2021 ஜூனில் ஹெட்செட்டுக்குள் விளம்பரம் காட்டும் சோதனை அறிவிக்கப்பட்டது. ‘பிளாஸ்டன்’ என்ற விளையாட்டு அதற்குத் தேர்வானது. வாங்கியவர்களின் எதிர்ப்பு வலுத்ததும், அதை உருவாக்கிய நிறுவனம் சில நாளில் விலகிக்கொண்டது. அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாறியது. ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் நுழையும் வழி வரும் என்று அதே நாளில் சக்கர்பெர்க் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் தனியான மெட்டா கணக்கு நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனியில் நடந்தது தனியே குறிக்கத்தக்கது. 2020 செப்டம்பரிலேயே அங்கு ஆக்குலஸ் கருவிகளின் விற்பனையை ஃபேஸ்புக் நிறுத்திவைத்தது. அந்நாட்டின் போட்டி ஒழுங்காணையமான பன்டஸ்கார்ட்டெல்ஆம்ட், கணக்கைக் கட்டாயமாக இணைப்பது குறித்து டிசம்பர் 10 அன்று விசாரணை தொடங்கியது. ஹெட்செட்டைத் தனிக் கணக்கால் பயன்படுத்தலாம், மற்றச் சேவைகளோடு இணைப்பதா வேண்டாமா என்பது பயனரின் விருப்பம் என்று மெட்டா இறங்கிவந்ததை 2022 நவம்பரில் அந்த ஆணையம் அறிவித்தது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்த 9,522 பேரிடம் இல்லாத அதிகாரம் ஒரு பொது அமைப்பிடம் இருந்தது. இந்த வரலாற்றில் பயனருக்குச் சாதகமாக நிகழ்ந்தவற்றுள் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த விற்பனை, 2022 இறுதியில் ஜெர்மனியில் மீண்டும் தொடங்கியது. அப்போது பெட்டியின் மேல் ‘மெட்டா குவெஸ்ட் 2’ என்று அச்சிட்டிருந்தது.