தரங்கம்பாடி ராஜாவும் வைக்கோல் சூனியக்காரியும்

போன ஜூன் 23 சாயங்காலம். சாயங்காலம்னு ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன், கார்ல்ஸ்ரூஹேவில் அந்த சமயம் சூரியன் மறையவே ஒன்பதரை ஆயிடும். ஊருக்கு வெளிய, தீ மூட்ட அனுமதி உள்ள ஒரு கிரில் இடத்தில் நாங்க ஆறு பேர். எங்க டென்மார்க் தோழிக்கு அன்னிக்கு 'சாங்க்ட் ஹான்ஸ்' ராத்திரி. அவங்க நாட்டில் கடற்கரை, ஏரிக்கரையெல்லாம் நம்ம சொக்கப்பனை மாதிரி பெருசா கொளுத்துவாங்க. ஒருத்தர் பேசுவார், எல்லாரும் சேர்ந்து பாடுவாங்க, பசங்க குச்சியில் மாவைச் சுத்தித் தணலில் வாட்டித் தின்னும். அதையே சின்ன அளவில் இங்க நடத்தலாம்னு ஏற்பாடு. என் பங்குக்கு மசாலா தடவிய கோழி :-)

ஹான்ஸ்ங்கிறது வேற யாருமில்லை, யோவான் ஸ்நானகன்தான். ஜூன் 24 அவர் பிறந்த நாள், அதுக்கு முந்தின ராத்திரி தீ. வருஷத்திலேயே நீளமான பகலை ஒட்டித் தீ மூட்டுற பழக்கம் கிறிஸ்தவத்துக்கு முன்னாடியே இருந்தது, பேர் மட்டும் பிறகு வந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க.

இதுவரைக்கும் எல்லாம் சுபம். அப்புறம் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தா. வைக்கோல் உடம்பு, பழைய பாவாடை, முக்காடு, கையில் துடைப்பம். "இவ சூனியக்காரி. தீயில வச்சா ப்ளோக்ஸ்பியருக்குப் பறந்து போயிடுவா"ன்னா. அதாவது ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில், 1,141 மீட்டர் உயரத்தில் இருக்கிற ப்ரோக்கன் சிகரம். "எங்க ஊர்ப் பேயெல்லாம் உங்க ஊருக்குப் பார்சல்"னு ஜெர்மன் நண்பனைச் சீண்டல் வேற. எல்லாரும் சிரிச்சோம், ஜார்க்கண்ட் நண்பன் மட்டும் சிரிக்கலை. "நிஜமா எரிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டான்.

எரிச்சிருக்காங்க. அதுக்குச் சட்டம் போட்ட ராஜா யாருன்னு தெரிஞ்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா அவர் நம்மாளு!

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் பொறையார் பக்கம். பள்ளிக்கூடச் சுற்றுலான்னாலே தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைதான். 1616-ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை கொடுத்து, 1618-ல் ஓவெ கெத்தெ தலைமையில் கப்பல்களை அனுப்பியவர் நான்காம் கிறிஸ்டியன். 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் ஆச்சு, கோட்டை எழும்புச்சு. நாயக்கர் அந்த ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் வித்துட்டுப் போனாங்க. பரீட்சைக்கு இவ்வளவும் மனப்பாடம் செஞ்சேன்.

மனப்பாடம் செய்யாதது ஒண்ணு உண்டு. கப்பல் கிளம்பறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1617 அக்டோபரில் அதே ராஜா ஒரு ஆணை போட்டார். சாத்தானோட ஒப்பந்தம் செஞ்ச 'உண்மையான' சூனியக்காரர்களை எரிக்கணும்னு. அடுத்த சில வருஷங்களில் வழக்குகள் மளமளன்னு ஏறிச்சு. மிளகுக்காக நம்ம கரையில் கோட்டை எழும்பின அதே வருஷங்களில் அங்க கட்டைகள் அடுக்கிக்கிட்டிருந்தாங்க. டென்மார்க்கில் மொத்தம் சுமார் ஆயிரம் பேர் இப்படிச் செத்தாங்கன்னு கணக்கு. பெரும்பாலும் பெண்கள்.

ரீபெ நகரத்து மாரென் ஸ்ப்லிட் கதையைப் பாருங்க. புருஷன் வசதியான தையல்காரர். தொழில் போட்டியில் இன்னொரு தையல்காரன், "இவ எனக்குச் சூனியம் வச்சுட்டா"ன்னு புகார் கொடுத்தான். முதலில் விடுதலை. அவன் விடாம ராஜா வரைக்கும் போனான். அந்தம்மாவைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய்ச் சித்திரவதை செஞ்சாங்க. 1641 நவம்பரில் ரீபெயில் எரிச்சாங்க. ராஜா? நம்ம நான்காம் கிறிஸ்டியனேதான்.

ஜெர்மன் நண்பனும் நெளிய ஆரம்பிச்சான். ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்ட 40,000 முதல் 60,000 பேரில் பாதிக்கு அருகில் ஜெர்மன் பகுதிகளில்தான். கார்ல்ஸ்ரூஹே 1715-ல் உருவான ஊர் என்பதால் தப்பிச்சது. ஆனா இதே ரயில் பாதையில் தெற்கே இருக்கிற ஒஃபன்பர்கில் 1627-30க்குள் சுமார் அறுபது பேர்.

வேடிக்கை என்னன்னா, இந்தப் பொம்மை பழைய சடங்கே இல்லை. தீ பழசு, பொம்மை 1900 வாக்கில்தான் தலைகாட்டி பிறகு பரவியது. சட்டப்படி கடைசியா ஒரு பெண் சூனியத்துக்காகக் கொல்லப்பட்ட 1693க்கு இருநூறு வருஷம் கழிச்சு, பயம் போனப்புறம் விளையாட்டா வந்தது. டென்மார்க்கிலேயே இது வேணுமான்னு வாக்குவாதம் உண்டு. தோழி சொன்னா, "எனக்கு இது சின்ன வயசு, அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்தது." அதையும் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

ஜார்க்கண்ட்காரனுக்கு 1693 எல்லாம் கிடையாது. அவங்க மாநிலத்தில் இதைத் தடுக்கத் தனிச் சட்டமே 2001-ல்தான் வந்தது. 1995-ல் சூனியக்காரின்னு ஊரை விட்டு விரட்டப்பட்ட சுட்னி தேவி, அதுக்கப்புறம் தன்னைப் போன்ற பல பெண்களைக் காப்பாத்தினதுக்காக 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவன் இதைச் சொல்லி முடிச்சப்ப, தோழி பொம்மையைத் திரும்பப் பைக்குள்ள வச்சா. தீ மூட்டினோம், அவ பாடினா, கோழி கொஞ்சம் கருகிப்போச்சு.

நான் வாயைத் திறக்கலை. எங்க தெருக்கோடியில் ஒரு பாட்டி தனியா இருந்தாங்க. யாருக்காவது காய்ச்சல் வந்தா அவங்க கண்ணுதான் காரணம்னு பேசிக்குவாங்க. நாங்க பசங்க அந்த ஓட்டு வீட்டு மேல கல் எறிஞ்சுட்டு ஓடுவோம். நானும்தான்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பாட்டி பேரு என்னன்னு கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "தெரியலையேடா. சூனியக்காரக் கெழவின்னுதானே எல்லாரும் சொல்லுவோம்?"

1641-ல் எரிஞ்ச மாரென் ஸ்ப்லிட் பேரு எனக்குத் தெரியும்.